துருப்பை மூடிவைத்து ஆடும் இருபத்தெட்டு: எப்போது திறக்கச் சொல்வது?

கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மதிய இடைவேளையில் நால்வர் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் ஆடுகிறார்களாம். அதில் ஒருவருக்கு மாற்றலாகிவிட்டதால் இவரை உட்காரச் சொல்கிறார்கள். இவருக்குத் தெரிந்ததெல்லாம் ரம்மியும் கழுதையும்தான். ஜாக்கி ஏன் ராஜாவை அடிக்கிறது? துருப்பை ஏன் மூடிவைக்கிறார்கள்? அதைத் திறக்கச் சொல்லும் உரிமை இருக்கிறதென்று சொல்லிவிட்டு, நான் திறக்கச் சொன்னதும் என் கூட்டாளியே ஏன் முறைக்கிறார்?

துருப்பு என்பது மற்ற இனத்துச் சீட்டுகளையெல்லாம் வெட்டும் இனம். கடைசிக் கேள்வியில்தான் முழு ஆட்டமும் இருக்கிறது. விதிகளை ஒரு மதிய இடைவேளையில் கற்றுவிடலாம். திறக்கச் சொல்லும் நேரம் பிடிபடத்தான் நாளாகும். ஆகவே விதிகளை விரைவாகச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு முதல் ஆறு வரையுள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சம் 32 சீட்டு. நால்வர் உட்கார வேண்டும். எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சீட்டுப் போடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாகச் சுற்றும். ரம்மியில் பழகிய கை இடப்பக்கம்தான் போகப் பார்க்கும். முதல் வாரம் யாராவது உங்களைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். சீட்டுகளின் வரிசை இது: ஜாக்கி, ஒன்பது, ஆஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கு 1, பத்துக்கு 1. மற்ற நான்கும் சும்மா. இனங்கள் நான்கு: ஆர்ட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 28. ராஜாவுக்கும் ராணிக்கும் இந்த ஆட்டத்தில் கிரீடம் உண்டு, கஜானா கிடையாது.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு மட்டும் போடுவார்கள். அந்த நான்கைப் பார்த்தே ஏலம். சீட்டுப் போட்டவரின் வலப்பக்கத்து ஆள் தொடங்குவார். குறைந்தபட்ச ஏலம் 14, அதாவது மொத்தப் புள்ளியில் பாதி. ‘நானும் என் கூட்டாளியும் சேர்ந்து இத்தனை புள்ளி எடுத்துக்காட்டுகிறோம்’ என்பதுதான் ஏலத்தின் பொருள். கடைசியில் யார் அதிகம் சொன்னாரோ அவர் துருப்பு இனத்தை மனத்துக்குள் முடிவு செய்து, அந்த இனத்துச் சீட்டு ஒன்றைத் தன் கையிலிருந்து எடுத்து மேஜையில் கவிழ்த்து வைப்பார். அது எந்த இனமென்று அவருக்கு மட்டுமே தெரியும். அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. பிறகு மீதி நான்கு சீட்டுகளும் வரும், ஆட்டம் தொடங்கும்.

நால்வரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி. ஆக எட்டுப் பிடி. பிடியின் முதல் ஆள் இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும். பிடியை எடுத்தவர் அடுத்ததை இறக்குவார். கடைசியில் பிடிகளில் உள்ள புள்ளிகளை எண்ண வேண்டும். எத்தனை பிடி எடுத்தீர்கள் என்பது கணக்கே இல்லை. வெறும் ராஜா, ராணி, எட்டு, ஏழு விழுந்த பிடியை எடுத்து மகிழ்ந்துகொண்டிருப்பவரைப் பார்த்து மேஜையில் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இனி மூடிய துருப்பு. அது கவிழ்ந்து கிடக்கும்வரை துருப்பு என்று ஒன்று இல்லாதது போலத்தான் ஆட்டம் நடக்கும். யாராவது தற்செயலாக அந்த இனத்துச் சீட்டைக் கழித்துப்போட்டாலும் அதற்குத் தனிப் பலம் எதுவும் கிடையாது. இறக்கிய இனம் தன் கையில் இல்லாத ஒருவர் மட்டும், தன் முறை வரும்போது, ‘துருப்பைக் காட்டுங்கள்’ என்று கேட்கலாம். கேட்டால் காட்டியே ஆக வேண்டும். கேட்டவரிடம் அந்த இனம் இருந்தால் அதே பிடியில் அதைப் போட்டு வெட்ட வேண்டும் என்பது பெரும்பாலான மேஜைகளின் வழக்கம். காட்டியபின் கவிழ்ந்திருந்த சீட்டு ஏலம் எடுத்தவர் கைக்குத் திரும்பிவிடும். அந்த நிமிடத்திலிருந்து துருப்புக்கு உயிர் வந்துவிடும்.

இதோடு இன்னொரு விதி இருக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள், ஆனால் ஆட்டத்தின் அச்சாணி இதுதான்: துருப்பு திறக்கப்படும்வரை ஏலம் எடுத்தவர் துருப்பு இனத்தை இறக்கக் கூடாது, கையில் அந்த இனம் தவிர வேறொன்றும் இல்லாவிட்டால் ஒழிய. கையில் ஆர்ட்டின் ஜாக்கியும் ஒன்பதும் ஆஸும் வைத்துக்கொண்டு, அதே ஆர்ட்டினைத் துருப்பாகக் கவிழ்த்து வைத்திருப்பவர், பிடி அவர் கையில் இருந்தாலும் அவற்றை இறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்தில் துருப்பை முதலிலேயே இரண்டு மூன்று சுற்று இறக்கி எதிரணியின் துருப்பையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். இங்கே அந்த வழி அடைபட்டிருக்கிறது. அடைப்பைத் திறப்பது யார்? நீங்கள், ‘காட்டுங்கள்’ என்று கேட்கிற அந்தக் கணத்தில்.

உங்கள் கூட்டாளி முறைத்ததன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். எதிரணி ஏலம் எடுத்திருக்கிறது. இரண்டாவது பிடியிலேயே உங்களிடம் இறக்கிய இனம் இல்லை. ‘உரிமை இருக்கிறதே’ என்று கேட்டுவிட்டீர்கள். ஒரு புள்ளியோ இரண்டு புள்ளியோ உள்ள பிடியை வெட்டி எடுத்தீர்கள். அடுத்த முறை பிடி ஏலம் எடுத்தவர் கைக்குப் போனதும் துருப்பு ஜாக்கி, ஒன்பது என்று வரிசையாக இறக்கி, உங்கள் கூட்டாளி பத்திரமாக வைத்திருந்த துருப்புச் சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டார். நீங்கள் எடுத்தது இரண்டு புள்ளி, கொடுத்தது ஆட்டம். மூடிய துருப்பு எதிரணிக்கு ஆபத்து என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மூடியிருக்கும்வரை அது ஏலம் எடுத்தவரின் கையையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது என்பதுதான் சங்கதி.

அப்படியானால் கேட்காமலே இருந்துவிடலாமா என்றால் அதுவும் தவறு. ஒரு கையைப் பிரித்துப் பார்ப்போம். இப்போது ஏலம் எடுத்தவர் நீங்கள். முதல் நான்கு சீட்டு: ஆர்ட்டின் ஜாக்கி, பத்து, ஏழு, கிளாவர் ஜாக்கி. நல்ல கை. 17 வரை போகலாம். ஆர்ட்டின் ஒன்பது எங்கே இருக்கும் என்பதுதான் கவலை. பார்க்காத சீட்டு 28. அதில் உங்களுக்கு இன்னும் வர இருப்பது 4, கூட்டாளிக்கு 8. ஆக அந்த ஒன்பது உங்கள் அணிக்கு வரும் வாய்ப்பு 28க்கு 12, அதாவது ஏழில் மூன்று. எதிரணிக்குப் போகும் வாய்ப்பே அதிகம். ஒரு குறிப்பிட்ட சீட்டை நம்பி ஏலத்தை ஏற்றும்போதெல்லாம் இந்த ஏழில் மூன்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சீட்டைக் கவிழ்ப்பது? ஏழைத்தான். கவிழ்த்த சீட்டைத் துருப்பு திறக்கும்வரை ஆட முடியாது. ஜாக்கியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துருப்பு தெரியாத எதிராளி வெகுளியாக ஆர்ட்டின் ஒன்பதை இறக்கினால், அடிக்க வேண்டிய ஜாக்கி மேஜையில் குப்புறப் படுத்திருக்கும். கையில் இருக்கும் ஏழைப் போட்டு அந்த ஒன்பதின் புள்ளியை விட்டுக்கொடுப்பீர்கள்.

அடுத்து வந்த நான்கு சீட்டும் இஸ்பேட்: ஜாக்கி, ராஜா, எட்டு, ஏழு. மூன்று ஜாக்கி கையில் இருக்கிறது. முதலில் இறக்குவதும் நீங்களே. புதிதாக ஆடுபவர் நீளமான இனத்தின் ஜாக்கியை, இஸ்பேட் ஜாக்கியைத்தான், பெருமையாக வீசுவார். வலப்பக்கத்து எதிராளியிடம் இஸ்பேட் இல்லை. ‘காட்டுங்கள்’ என்கிறார். ஆர்ட்டின் ஏழு திரும்புகிறது. அவர் ஆர்ட்டின் எட்டைப் போட்டு வெட்டுகிறார். உங்கள் கூட்டாளியிடம் இருக்கும் ஒரே இஸ்பேட் ஒன்பது. போட்டுத்தான் ஆக வேண்டும். இடப்பக்கத்து எதிராளி தன் கூட்டாளி பிடிக்கும் பிடியில் சிரித்துக்கொண்டே இஸ்பேட் பத்தை ஏற்றுகிறார். 3, 2, 1: ஆறு புள்ளி போய்விட்டது. நீங்கள் 17 கேட்டிருப்பதால் எதிரணிக்கு 12 வந்தால் நீங்கள் தோற்றீர்கள். ஒரே பிடியில் அவர்கள் பாதி வழி வந்துவிட்டார்கள்.

இதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தப்ப முடியாது. உங்கள் கையில் நான்கு இஸ்பேட் இருந்தால் வெளியே இருப்பது நான்கே நான்கு. எதிரணி இருவரில் யாராவது ஒருவரிடம் அந்த இனமே இல்லாமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. அவரிடம் துருப்பு இருக்க வேண்டும் என்பதையும் கழித்துக்கொண்டால் சற்றுக் குறையும், அவ்வளவுதான். மாறாக, கிளாவர் ஜாக்கி உங்களிடம் தனியாக நிற்கிறது. வெளியே ஏழு கிளாவர் இருக்கிறது. எதிரணியில் ஒருவரிடம் கிளாவரே இல்லாமல் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழுக்கும் குறைவு. ஆகவே தனி ஜாக்கியை முதலில் இறக்கி, வருகிற புள்ளிகளை அள்ளிக்கொள்ளுங்கள். எங்கும் இதுதான் முதல் பாடம்: நீளமான இனத்தின் ஜாக்கி பலம் போலத் தெரியும் பலவீனம்.

இரண்டாவது பிடியில் என்ன செய்வீர்கள்? ஆர்ட்டினை இறக்க விதி இடம் தராது, கிளாவர் தீர்ந்துவிட்டது, டைமன் வரவே இல்லை. இஸ்பேட் இறக்கித்தான் ஆக வேண்டும். நான் ஏழை இறக்குவேன். எதிரணியில் இஸ்பேட் இல்லாதவர் ஒருவர் இருந்தால் அவர் வெட்டட்டும், ஆனால் என் ஜாக்கியை வெட்ட வேண்டாம். துருப்பு திறந்த பிறகு, பிடி என் பக்கம் வந்ததும், ஆர்ட்டின் ஜாக்கியை இறக்கி அவர்கள் துருப்பைக் குறைத்துவிட்டு இஸ்பேட் ஜாக்கியைக் காப்பாற்றப் பார்ப்பேன். ஏழுக்குப் பதில் ராஜாவை இறக்க வேண்டும் என்று சாதிப்பவர்கள் உண்டு. அவர்களோடு வாதாடி மதிய இடைவேளையை வீணாக்காதீர்கள்.

சரி, எதிரணியில் நீங்கள் இருக்கும்போது எப்போது கேட்பது? பிடியில் விழுந்துள்ள புள்ளியைப் பாருங்கள். ஜாக்கி விழுந்திருக்கிறது, உங்களுக்குப் பின்னால் இன்னும் சீட்டு விழ வேண்டும், எடுக்கப்போவது ஏலம் எடுத்த அணி என்றால் தயங்காமல் கேளுங்கள். பிடி உங்கள் கூட்டாளி பக்கம் இருக்கிறதா? கேட்கவே கேட்காதீர்கள், கையில் உள்ள ஆஸையோ பத்தையோ அதில் ஏற்றிவிடுங்கள். கடைசி ஆளாக இருந்து கூட்டாளியின் பிடியில் வேற்றினத்து ஒன்பதை ஏற்றுவதைப் போல இனிமையான வேலை இந்த ஆட்டத்தில் வேறில்லை. பிடியில் ஒன்றுமே இல்லையா? உபயோகமற்ற ஒரு சீட்டைக் கழியுங்கள், அதுவும் கையில் ஒன்றே ஒன்று இருக்கும் இனத்திலிருந்து. அந்த இனத்தை யாராவது இறக்கும்போது உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு வரும்.

கேட்கும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள்: உங்களிடம் துருப்பு இருக்கிறதா? தெரியாது. ஆனால் ஊகிக்கலாம். ஏலம் எடுத்தவர் துருப்பை இறக்கக் கூடாது என்பதால், அவர் இரண்டு மூன்று பிடி எடுத்தும் தொடாமல் விடும் இனம் எது என்று பாருங்கள். மற்ற மூன்று இனத்தையும் அவர் இறக்கிவிட்டாரென்றால் அவர் வாயைத் திறக்காமலே துருப்பைச் சொல்லிவிட்டார். அந்த இனம் உங்கள் கையில் நாலைந்து இருந்தால் பொறுமையாக இருங்கள். அவருடைய துருப்புகள் மெலிந்துதான் இருக்கும். ஒன்றுமே இல்லை என்றால், கேட்டு என்ன பயன்? வெட்டவும் முடியாது, அவருடைய கட்டையும் அவிழ்த்துவிடுவீர்கள்.

ஏலம் எடுத்தவரின் கூட்டாளியாக இருப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினம். அவருடைய துருப்பு உங்களுக்குத் தெரியாது, ஆனால் அவருக்காகத் திறக்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. நான் ஏலத்தைப் பார்த்து முடிவு செய்வேன். அவர் 20, 21 என்று போயிருந்தால் துருப்பு நீளமாகவும் வலுவாகவும் இருக்கும். சீக்கிரமே கேட்டுத் திறந்துவிட்டால் அவர் எதிரணியை வழித்துத் துடைத்துவிடுவார். வேறு யாரும் கேட்காததால் 14க்கு மாட்டிக்கொண்டவர் என்றால் மூடியே இருக்கட்டும். ஏலம் எடுத்தவரும் இறக்கிய இனம் தன்னிடம் இல்லாதபோது தானே திறந்து வெட்டலாம். கடைசிவரை யாரும் கேட்காவிட்டால்? அவர் கையில் ஏழு சீட்டுத்தான் இருந்தது. எட்டாவது பிடியில் கவிழ்ந்த சீட்டை எடுத்துத்தான் ஆக வேண்டும். அதுவரை மூடியே போன ஆட்டங்களும் உண்டு, பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

ஜாக்கி ஏன் பெரியது என்ற கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பாவில் ஜாக்கியும் ஒன்பதும் உச்சத்தில் இருக்கும் ஒரு குடும்பமே இருக்கிறது: சுவிட்சர்லாந்தின் யாஸ், நெதர்லாந்தின் கிளாவர்யாஸ், பிரான்சின் பெலோட். பெலோட்டில் துருப்பு ஜாக்கிக்கு 20 புள்ளி, துருப்பு ஒன்பதுக்கு 14, ஆஸுக்கு 11, பத்துக்கு 10. நம் ஊர் ஆட்டங்கள் இந்தக் குடும்பத்திலிருந்து டச்சு வணிகர்கள் வழியாக வந்திருக்க வேண்டும் என்பது சீட்டாட்ட வரலாறு எழுதுபவர்களின் கருத்து. நிலப்படம் அதற்கு ஒத்துப்போகிறது. டச்சுக்காரர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தையும் 1663இல் கொச்சியையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். இருபத்தெட்டு வேரூன்றியது கேரளத்தில். அதன் மூத்த உறவான முந்நூற்று நான்கு வேரூன்றியது இலங்கையில். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டிலும் டச்சுக்கோட்டை இருந்தது, அவர்களுடைய கல்லறைகளை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு வேறுபாடு எனக்கு எப்போதும் சுவையாகத் தோன்றும். ஐரோப்பிய ஆட்டங்களில் ஜாக்கியும் ஒன்பதும் துருப்பு இனத்தில் மட்டுமே உச்சத்துக்கு ஏறும். மற்ற இனங்களில் ஜாக்கி ராணிக்குக் கீழேதான் நிற்கும். இங்கே நான்கு இனத்திலும் ஜாக்கிதான் தலைவன். இதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. துருப்பு எதுவென்று தெரியாதபோது, துருப்புக்கு ஒரு வரிசை, மற்றவற்றுக்கு வேறு வரிசை என்று வைத்தால் பிடி யாருடையது என்றே சொல்ல முடியாது. ஏலம் எடுத்தவர் ஒவ்வொரு பிடிக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் துருப்பு வெளியாகிவிடும். துருப்பை மூட வேண்டுமானால் எல்லா இனத்துக்கும் ஒரே வரிசை இருந்தாக வேண்டும்.

துருப்பை மறைப்பது நம் நாட்டில் வேறு ஆட்டங்களிலும் உண்டு. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஆடும் மெண்டிகோட்டில் பத்துகளைப் பிடிப்பதுதான் நோக்கம், அதிலும் துருப்பை மூடிவைத்து ஆடும் வகை இருக்கிறது. வங்கத்திலும் நேபாளத்திலும் இருபத்தொன்பது. நம் ஆட்டம்தான், கடைசிப் பிடிக்கு ஒரு புள்ளி கூடுதல். ஆனால் மறைப்பதை அதன் எல்லைவரை கொண்டுபோனது முந்நூற்று நான்குதான். வளசரவாக்கத்திலோ கே.கே. நகரிலோ ஈழத்து நண்பர்கள் யாராவது இருந்தால் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

அதில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்குக்கும் 304. ராஜாவுக்கும் ராணிக்கும் கொஞ்சம் மரியாதை திரும்பியிருப்பதைக் கவனித்தீர்களா? சீட்டு அதே 32, வரிசையும் அதேதான். வேறுபாடு வெட்டுவதில். இறக்கிய இனம் உங்களிடம் இல்லையென்றால் ‘காட்டுங்கள்’ என்று கேட்பதில்லை. உங்கள் சீட்டையே கவிழ்த்துப் போடுகிறீர்கள். அது துருப்பாக இருக்கலாம் என்ற ஊகத்தில் போட்டதா, வெறுமனே கழித்ததா, யாருக்கும் தெரியாது. துருப்பு எதுவென்று தெரியாததால் அது வெட்டியதா இல்லையா என்பது உங்களுக்கே தெரியாது. நால்வரும் போட்டபின் ஏலம் எடுத்தவர் கவிழ்ந்த சீட்டுகளை மட்டும் தூக்கிப் பார்ப்பார். துருப்பு இருந்தால் எல்லாம் வெளிச்சத்துக்கு வரும், வெட்டியவருக்குப் பிடி. இல்லையென்றால் பேசாமல் அப்படியே கவிழ்த்துவிடுவார், பிடி இறக்கிய இனத்தின் பெரிய சீட்டுக்கு. கவிழ்த்துக் கழிக்கப்பட்டது என்னவென்று அவருக்கு மட்டும் தெரியும். எட்டுப் பிடிக்குள் எது வெளியே போயிற்று, எது உள்ளே இருக்கிறது என்று கணக்கு வைப்பவர்களுக்கு இது மண்டைக் குடைச்சல். இருபத்தெட்டில் விலை கொடுத்து உண்மையை வாங்கலாம். இங்கே விலை கொடுத்தாலும் உண்மை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆட்டமாக இதைத்தான் நான் உயர்வாக வைப்பேன், ஆனால் அரை மணி நேர உணவு இடைவேளைக்கு இருபத்தெட்டே சரி.

உட்காரும் முன் சில விஷயங்களை வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் மேஜைக்கு மேஜை இவை மாறும், சண்டையும் இவற்றில்தான் வரும். முதல் ஆள் கட்டாயம் 14 கேட்டே ஆக வேண்டுமா? கூட்டாளியின் ஏலத்தின் மேல் ஏலம் கேட்பதென்றால் 20 ஆவது சொல்ல வேண்டுமா? எட்டுச் சீட்டும் வந்தபின் இரண்டாம் ஏலம் உண்டா? துருப்பைக் கேட்டவர் வெட்டியே ஆக வேண்டுமா? அதே பிடியில், திறப்பதற்கு முன்பே ஒருவர் துருப்பு இனத்தைக் கழித்திருந்தால் அதற்குப் பலம் உண்டா இல்லையா? இந்தக் கடைசிக் கேள்வியில் நட்பு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். பலம் இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. போடும்போது அது துருப்பென்று அவருக்கே தெரியாதே.

இறக்கிய இனத்தைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லி வேறு இனம் போடுவது பெருங்குற்றம், தெரியாமல் நடந்தாலும். அந்த ஆட்டம் எதிரணிக்குப் போகும். கூட்டாளிக்கு இருமிக் காட்டுவது, சீட்டைத் தட்டி வைப்பது, கேட்பதற்கு முன் நெடுநேரம் யோசிப்பது போல நடிப்பது எல்லாம் சைகைதான். ரயிலில் ஆடுபவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் வண்டியில் முழங்கால்களுக்கு மேல் பையை வைத்து ஆடும் கூட்டங்களில், நுங்கம்பாக்கம் வருவதற்குள் யாரிடம் ஒன்பது இருக்கிறதென்று பக்கத்தில் நிற்கும் பயணிக்கே தெரிந்துவிடும்.

கணக்கு வைக்க நோட்டு வேண்டாம். ஒதுக்கிய சீட்டுகளில் அணிக்கு ஆறைப் பிரித்துக்கொண்டு, ஏலத்தில் வென்றால் எதிரணியிடமிருந்து ஒன்று வாங்குங்கள், தோற்றால் இரண்டு கொடுங்கள். 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஏலமென்றால் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இப்படிப் பிரித்த சீட்டு தீர்ந்த அணி தோற்றது. கேரளத்தில் இப்படி முழுதாகத் தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். ஓலையில் குரும்பையைக் கட்டித் தொங்கவிட்ட குணுக்கோடு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கிண்டியில் குரும்பைக்கு எங்கே போவது? தோற்றவர் தேநீர் வாங்கித் தரட்டும். பணம் வைக்காதீர்கள். நான் உபதேசத்துக்குச் சொல்லவில்லை; காசு வந்துவிட்டால் எல்லோரும் 14இலேயே ஒதுங்கிவிடுவார்கள், யாரும் துணிந்து 19 சொல்லாத இருபத்தெட்டில் உப்பும் இல்லை, காரமும் இல்லை.

மின்விசிறிக்கு அடியில் ஆடுவதாக இருந்தால் கவிழ்த்த துருப்பின் மேல் ஒரு டம்ளரை வையுங்கள். காற்றில் புரண்ட துருப்பைத் திறந்ததாகக் கொள்வதா, மறுபடி சீட்டுப் போடுவதா என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. புதுக் கட்டு வாங்கும்போது பிளாஸ்டிக் சீட்டாகப் பாருங்கள். 32 சீட்டை மட்டும் திரும்பத் திரும்பக் கலைப்பதால் அட்டைச் சீட்டின் முதுகில் சீக்கிரம் அடையாளம் விழுந்துவிடும். ஜாக்கியின் மடங்கிய மூலை தெரிந்த மேஜையில் மூடிய துருப்புக்கு அர்த்தமில்லை.

மாற்றலான நண்பர் திரும்பி வந்து, இன்னொருவரும் சேர்ந்து ஆறு பேராகிவிட்டால் இருபத்தெட்டை விட்டு ஐம்பத்தாறுக்குப் போங்கள். இரண்டு கட்டு, ஒன்பது முதல் ஆஸ் வரை, 48 சீட்டு, ஆளுக்கு எட்டு, மூவர் மூவராக இரண்டு அணி. அதில் துருப்பு மூடப்படுவதில்லை. மாறாக, ஏலம் கேட்கும் விதத்திலேயே கூட்டாளிகளுக்குக் கையைச் சொல்லிவிட வேண்டும். அதற்கென்று தனி இலக்கணமே இருக்கிறது. அதைக் கேட்டு எழுதுங்கள், தனியாகச் சொல்கிறேன்.